கஞ்சி வரிசைக்கு ஒரு சொல்

"ஹியூமனைஸ் பண்றோம் மாமா. அதுக்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல்தான் வேணும்" என்றான் சுஹைப்.

அப்துல் முத்தலிப் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியும் அந்த முதுகு எதிலும் சாய்ந்ததில்லை. அது அவர்கள் வீட்டு முதுகு. எதிரே இருந்த சுஹைப், பள்ளிவாசல் நிர்வாகக் குழுவின் செயலாளர். வேலை முடிந்த கையோடு வந்திருந்தான். அலுவலக அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. நோன்பு பிறக்க ஒரு வாரம் இருந்தது. பள்ளிவாசலில் தமிழில் எதை எழுதித் தொங்கவிட்டாலும் அதை முத்தலிப்தான் எழுதிக்கொடுப்பார். செருப்பு வைக்கும் இடத்து அறிவிப்புகூட அவர் எழுதியதுதான்.

"எதை ஹியூமனைஸ் பண்றீங்க?"

"கஞ்சி வரிசையை மாமா. பேனர்ல இங்கிலீஷ்ல போட்டாச்சு. அதுக்குக் கீழ தமிழ்ல வரணும்."

"அப்ப இத்தனை காலமா அது மாட்டு வரிசையா?"

சுஹைப் சிரித்தான். முத்தலிப் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் சிரிப்பைப் பாதியில் விழுங்கினான்.

"அப்படி இல்ல மாமா. ஐடியா ஜமால் மாமாவோடது. கமிட்டியில எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு."

ஜமால் மாமா. அந்தப் பெயரைச் சொல்லும்போது சுஹைபின் முகம் தானாக மலர்ந்ததை முத்தலிப் பார்த்தார். தன் பெயரைச் சொல்லும்போது யார் முகமும் மலர்வதில்லை, நிமிரும். இதுநாள்வரை அதுவே பெருமை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

நோன்பு மாதம் முழுவதும் அந்தப் பள்ளிவாசலில் கஞ்சி கொடுப்பது முத்தலிப் வீட்டார் பொறுப்பு. நாகூரிலிருந்து கப்பலேறி இங்கே வந்து சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்த அவருடைய வாப்பா தொடங்கி வைத்தது. அரிசி, பருப்பு, வெந்தயம், ஆட்டிறைச்சி, இஞ்சி, ரம்பை இலை எல்லாம் சேர்ந்து அண்டாவில் கொதிக்கும் மணம் பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்கே சந்தின் கடைசிவரை போய்விடும். துடுப்புப் போட்டுக் கிண்டுபவர்களின் வீட்டுப் பாத்திரம் முதலில் நிரம்பும். அது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம். அதன் பிறகுதான் பின்சந்து ஜன்னல் திறக்கும். முதல் அகப்பையை முத்தலிப் வீட்டு ஆள்தான் ஊற்றவேண்டும். நீளக் கைப்பிடி போட்ட அந்தப் பித்தளை அகப்பை வேறு வீட்டுக் கைக்கு இதுவரை மாறியதில்லை.

அந்த ஜன்னலில்தான் பலகை இருந்தது. ஆள் உயரத்தில் குறுக்கே அறைந்த அகலமான கெட்டிப் பலகை. அதற்குக் கீழே இருக்கும் திறப்பில் பாத்திரம் நுழையும், கை நுழையும், முகம் தெரியாது. வாப்பா அதை அறைந்தபோது சொன்னதை முத்தலிப் மறக்கவில்லை. "வாங்குறவன் முகம் கொடுக்கிறவனுக்குத் தெரியக் கூடாதுப்பா. தெரிஞ்சா, நாளைக்குக் கடைத்தெருவில் அவன் உன்னைப் பார்த்ததும் அந்தப் பக்கமா போயிடுவான்."

மனிதனை மனிதனாக மதித்து அறைந்த பலகை அது. அதைப் பிடுங்கி எறிவதற்கு இப்போது ஒரு வினைச்சொல் வேண்டுமாம். அதையும் வாப்பாவின் மகனே தேடிக்கொடுக்க வேண்டுமாம்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்தார்.

*

ஜமால் முகம்மது அவருக்கு மச்சான், மனைவி மைமூனின் தம்பி. இளம் வயதில் முத்தலிப்பின் துணிக்கடையில்தான் சேலை மடித்தான். கணக்கு வராது, மடிப்பும் வராது. ஆனால் சேலை வாங்க வந்தவர்கள் இவன் பேச்சைக் கேட்டுவிட்டு ஒன்றுக்கு இரண்டாக வாங்கிப் போனார்கள். பிறகு பாசிர் ரிஸ் பக்கம் போய்ச் சொந்தமாகச் சமையல் தொழில் தொடங்கினான். இன்று விருந்தென்றால் ஜமால், வீட்டு விசேஷமென்றால் ஜமால். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் முத்தலிப்பிடம் வந்து கை கொடுப்பார்கள். ஜமாலைக் கட்டிப்பிடிப்பார்கள். பக்கத்துச் சந்தில் சாவி செய்யும் சீனர்கூட "ஜமால்! மக்கான் ஆச்சா?" என்று சாப்பாட்டை விசாரித்துக் கத்துவார். அதே சந்தில் நாற்பது வருடம் நடந்திருக்கிறார் முத்தலிப். அவருக்கு அந்த ஆள் தலையை மட்டும் அசைப்பார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது கதவுக்கு வெளியே ஜமாலின் நீல நிற ரப்பர் செருப்பு கிடந்தது. உள்ளே சாப்பாட்டு மேசையில் அவன் உட்கார்ந்திருந்தான். தட்டில் மீன் குழம்பு. தலைத் துண்டு அவன் தட்டில்.

"வாங்க மச்சான்! உங்களுக்காகத்தான் பேரீச்சம்பழம் கொண்டாந்தேன். மதீனா பழம், லேசுல கிடைக்காது."

"எங்க வீட்டுலயும் பேரீச்சம்பழம் இருக்கு" என்றார் முத்தலிப்.

"இருக்கும். ஆனா எப்ப வாங்கினது? பல்லு போயிடும் லா."

மைமூன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பி வந்தால் அவளுக்குப் பத்து வயது குறைந்துவிடும். முத்தலிப்புக்கு வயிறு எரிந்தது. தன் வீட்டில், தன் மேசையில், தன் மனைவி தன்னிடம் சிரிக்காத சிரிப்பை வேறொருவனுக்குச் சிரிக்கிறாள். அவன் அவளுடைய கூடப்பிறந்தவன்தான். ஆனால் எரிகிற வயிறு உறவுமுறை பார்ப்பதில்லை.

"பலகையை எடுக்கணும்னு சொன்னியாமே."

"ஆமா மச்சான்." ஜமால் கையைத் தட்டில் வைத்தான். சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "அந்தச் சந்துல வெயில்ல நிக்கிறாங்க. கட்டட வேலை பார்க்கிற பசங்க பலகைக்குக் கீழே கையை நீட்டி வாங்கிக்கிட்டு, நடைபாதை ஓரத்துல குந்தி உட்கார்ந்து நோன்பு திறக்கிறாங்க. உள்ள கொண்டாந்து பெஞ்சுல உட்கார வைப்போம். கிண்ணத்துல ஊத்திக் கொடுப்போம். பேரு என்னப்பா, எந்த ஊருன்னு ரெண்டு வார்த்தை கேட்போம். முகத்தைப் பார்த்துச் சோறு போடுறதுதானே மச்சான் நம்ம வழக்கம்?"

"நம்ம வழக்கம் என்னன்னு எங்க வாப்பாவுக்குத் தெரியும்."

"வாப்பா நல்லவங்கதான். நான் இல்லேங்கல."

"நீ இல்லேங்கிறதுக்கு அதுல என்ன இருக்கு?"

மைமூன் குழம்புச் சட்டியை மேசையில் டக்கென்று வைத்தாள். "ரெண்டையும் வைங்களேன். உட்காருறவனுக்குப் பெஞ்சு, வீட்டுக்குக் கொண்டு போறவனுக்குப் பலகை. இதுக்கு ஒரு கமிட்டியா?"

இரண்டு ஆண்களும் அவள் சொன்னது காதில் விழாததுபோல் இருந்தார்கள்.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஜமால் கேட்டான்: "மச்சான், இந்த வருஷமாவது அகப்பையை ஒரு நாள் என் கையில கொடுப்பீங்களா? கேட்டுக் கேட்டு எனக்கும் முடி நரைச்சுப்போச்சு."

"அது எங்க வீட்டு அகப்பை."

"என் மைமூன் லாத்தா இருக்கிறதும் உங்க வீடுதானே?" சிரித்துக்கொண்டே மின்தூக்கியை நோக்கி நடந்தான்.

முத்தலிப் கதவைச் சாத்தினார். மைமூன் அவருடைய சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "போன வருஷம் கஞ்சி கிண்டின சட்டையா இது? துவைச்சும் அடிப்பிடிச்ச வாசம் போகல" என்றாள்.

"வெந்தய வாசம்" என்றார் முத்தலிப்.

*

அந்த வாரம் முழுக்க அவர் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினார். நூலகத்துக்குப் போய் அகராதி பார்த்தார். மனிதமயமாக்குதல். யானைக்கு வேட்டி கட்டிய மாதிரி இருந்தது. மனிதநேயப்படுத்துதல். மேடையில் மாலையோடு நிற்பவர் பேச்சு. கனிவாக்குதல் என்று எழுதிப் பார்த்தார். மாம்பழம் பழுக்க வைப்பதுபோல் பட்டது. பண்படுத்துதல் நிலத்துக்கு. இதமாக்குதல் வெந்நீருக்கு.

உண்மையில் சொற்களில் குறை இல்லை. எந்தச் சொல்லை எழுதினாலும் அதற்குள்ளிருந்து ஜமால் எட்டிப்பார்த்துச் சிரித்தான். ஒன்றை மனிதத்தன்மை உள்ளதாக ஆக்குகிறோம் என்றால், அதுவரை அது அப்படி இல்லை என்றுதானே பொருள்? துணி ஏற்கெனவே வெள்ளையாக இருந்தால் வெளுக்கிறோம் என்று யார் சொல்வார்கள்? அந்தச் சொல்லைத் தொங்கவிட்டால், போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைப் படிப்பார்கள். முத்தலிப் வீட்டார் இத்தனை காலம் மனிதத்தன்மை இல்லாமல் கஞ்சி ஊற்றினார்கள், ஜமால் வந்துதான் திருத்தினான் என்று.

சுஹைப் கைபேசியில் இரண்டுமுறை கேட்டான். "யோசிக்கிறேன்" என்று பதில் போட்டார். பேனரில் ஆங்கிலத்துக்குக் கீழே இடம் வெறுமையாகவே இருந்தது.

*

முதல் நோன்பன்று அஸருக்குப் பிறகு அவர் பின்சந்து ஜன்னலுக்கு வந்தபோது பலகை இல்லை. அதைக் கழற்றிச் சமையல்கூடச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள். ஆணி இருந்த இடங்கள் வெளுப்பாகத் தெரிந்தன. பல் பிடுங்கிய வாய் மாதிரி இருந்தது ஜன்னல்.

உள்முற்றத்தில் ஜமாலின் பெஞ்சுகள். கழுத்தில் அட்டை தொங்கும் கட்டட வேலைப் பையன்கள், உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர் சிலர், வருடாவருடம் தவறாமல் கஞ்சிக்கு வரும் ஒரு சீன மூதாட்டி, எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஜமால் பெஞ்சு பெஞ்சாகப் போய்க்கொண்டிருந்தான். "எந்த ஊரு தம்பி? பரமக்குடியா? அப்ப காரம் கூடுதலா வேணுமே!" சிரிப்பொலி முற்றத்தைத் தாண்டி ஜன்னல்வரை வந்தது. முத்தலிப்பின் அருகில் யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் மட்டும் சந்தில் நின்றார்கள். சந்து ஜன்னலுக்குச் சற்று முன்பு வளைகிறது. வளைவைத் தாண்டினால்தான் ஜன்னல் தெரியும். வளைவு தாண்டி வந்தவர்கள் அகப்பைக்குப் பின்னால் ஒரு முகம் இருப்பதைக் கண்டதும் கொஞ்சம் தயங்கினார்கள், பிறகு பாத்திரத்தை நீட்டினார்கள்.

முத்தலிப் முகங்களைப் பார்க்கவில்லை. பழக்கம் விடவில்லை. முக்காலியில் உட்கார்ந்து பாத்திரத்தைப் பார்த்தே ஊற்றினார். இத்தனை வருடங்களில் அவருக்குப் பாத்திரங்கள் பழகியிருந்தன. ஓரம் நசுங்கிய நீல வாளி. ஐஸ்கிரீம் டப்பா. மூடி தொலைந்த மைலோ டின். அப்புறம் இரண்டு வருடமாக வருகிற பச்சை எனாமல் தூக்குச்சட்டி. அதன்மேல் அவருக்குத் தனிப் பிரியம். எப்போதும் கழுவித் துடைத்து வரும், கைப்பிடியில் ஈரம்கூட இருக்காது. கொஞ்சமும் நடுங்காமல் அகப்பைக்கு நேராக நிற்கும். பாத்திரம் பிடிக்கத் தெரிந்த கை, பெரிய வீட்டுக் கை என்று நினைத்துக்கொள்வார்.

அன்றும் பச்சைத் தூக்குச்சட்டி வந்தது. பழைய நண்பனைக் கண்டதுபோல் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடே தலையை நிமிர்த்தினார்.

எதிரே நின்றது நெய்னா மரைக்காயர்.

சிராங்கூன் சாலையில் ஒரு காலத்தில் மூன்று கடை அகலத்துக்கு ஜவுளிக்கடை வைத்திருந்தவர். முத்தலிப்பின் வாப்பாவே எழுந்து நின்று வரவேற்கும் ஆள். அவர் வீட்டு விருந்தில் எலும்புக் குழம்பு சாப்பிட்டவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுவார்கள். கடை மூடியதும், ஜாலான் புசார் பக்கம் வாடகை வீட்டுக்குப் போனதும் எல்லாருக்கும் தெரியும். போய்ப் பார்க்க வேண்டும் என்று முத்தலிப்பும் நினைத்துக்கொண்டேதான் இருந்தார்.

அந்த நொடியில் அவர் உடம்பு அறிந்த ஒரே மரியாதை அவரை முந்திக்கொண்டது. முக்காலியை விட்டு விறைப்பாக எழுந்தார். அகப்பையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, சபையில் பெரியவரை அழைக்கும் அதே குரலில், முழுக்குரலில் சொன்னார்:

"அஸ்ஸலாமு அலைக்கும். வாங்க நெய்னா மரைக்காயரே!"

சந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உள்முற்றத்தில் சிரிப்பு நின்றது. யாரோ ஒருவர், "மரைக்காயர் கடை மரைக்காயரா? இங்கயா?" என்று கேட்டது தெளிவாக விழுந்தது.

நெய்னா மரைக்காயர் ஸலாமுக்குப் பதில் சொன்னார். தூக்குச்சட்டியை மெல்ல ஜன்னல் விளிம்பில் வைத்தார், ஏதோ கடையில் விலை படியாத சரக்கைத் திருப்பி வைப்பதுபோல. திரும்பி வந்த வழியே நடந்தார். அவர் நடையில் அவசரம் இல்லை. வரிசை அவருக்கு வழிவிட்டது.

*

"இப்படி ஆகும்னு யார் நினைச்சா?" சுஹைப் தலையில் கைவைத்தபடி வந்தான். ஜன்னலைச் சாத்தி, வேறோர் ஆள் பக்கவாட்டுக் கதவில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். "நீங்க சொன்னது சரி மாமா. ஜமால் மாமா அவசரப்பட்டுட்டாரு. நாளைக்கே பலகையை மாட்டிடலாம். பேனரையும் எடுத்துடறேன்."

நீங்க சொன்னது சரி. இந்த ஒரு வாரமும் அவர் கேட்கத் துடித்த சொற்கள். பேரீச்சம்பழத்தைவிட இனித்தன. ஜமால் அவசரப்பட்டுட்டாரு. அதை இன்னொருமுறை சொல்லமாட்டானா என்றிருந்தது. முற்றத்தை எட்டிப் பார்த்தார். பெஞ்சுகளுக்கு நடுவே ஜமாலைக் காணவில்லை. வெட்கப்பட்டுப் போயிருப்பான் என்று எண்ணிக்கொண்டார். அந்த எண்ணமும் இனித்தது.

"ஆமா" என்று சொல்ல வாயெடுத்தார்.

கண் விளிம்பில் பச்சைத் தூக்குச்சட்டி. துடைத்துப் பளபளவென்று, காலியாக.

பலகை இல்லாததால் நெய்னா மரைக்காயரின் முகம் தெரிந்தது, உண்மைதான். ஆனால் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஊற்றியிருக்கலாம். முழுப்பெயரைச் சபைக்குச் சொன்னது பலகை அல்ல. ஜமாலும் அல்ல.

"பலகை விஷயம் அப்புறம்" என்றார். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

ஜாலான் புசார் பக்கம் நடக்கும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இரும்புச் சாமான் கடைகள் கதவை இழுத்துக்கொண்டிருந்தன. என்ன சொல்வது என்று கோத்துக்கொண்டே நடந்தார். மன்னிப்புக் கேட்பதா? அவர்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைப் பழகியதில்லை. கஞ்சியை ஊற்றிக்கொண்டு போகலாம் என்று நினைத்து, அதையும் விட்டார். வாசலுக்குக் கொண்டு போகிற கஞ்சி இன்னும் மோசம். காலிச் சட்டியைத்தான் கொடுக்கவேண்டும். இந்த நுணுக்கம் ஜமாலுக்குத் தோன்றியிருக்காது. கட்டிப்பிடிக்கத் தெரியும், சிரிக்கத் தெரியும். பெரிய மனிதர் வீட்டு வாசலில் எப்படி நிற்பது என்று அவனுக்கு எங்கே தெரியும்? இதிலாவது தான் முந்தியதில் அவருக்கு நடை கொஞ்சம் வேகமெடுத்தது.

வாடகைக் கட்டடத்தின் நீண்ட தாழ்வாரத்தில் கதவைத் தேடிக்கொண்டு போனார்.

திறந்திருந்த ஒரு கதவுக்கு வெளியே நீல நிற ரப்பர் செருப்பு கிடந்தது.

முத்தலிப் அப்படியே நின்றுவிட்டார். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். அந்தச் செருப்பை எட்டி உதைக்கவேண்டும்போல் இருந்தது. இங்கேயும் இவன்தான் முதலா?

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா முத்தலிப்" என்றது உள்ளிருந்து நெய்னா மரைக்காயரின் குரல். "பார்த்துக்கிட்டே நின்னா அது நடந்து போயிடாது."

ஒரே அறை. ஓரத்தில் கட்டில், மடித்துவைத்த போர்வை. தரையில் பாய். பாயில் ஜமால் உட்கார்ந்திருந்தான், அவன் முன்னால் பிளாஸ்டிக் பையில் கட்டிய கஞ்சி. கடையில் வாங்கிப்போகக் கட்டித்தரும் தபாவ் பை. முடிச்சு அவிழாமல் இருந்தது. ஜமாலின் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பில்லாத ஜமாலைப் பார்க்க, கடையில் சேலை மடிக்கத் தெரியாமல் முழித்த அந்தப் பையன் மாதிரியே இருந்தான்.

"வாங்கிக்கமாட்டேங்கிறாங்க மச்சான்" என்றான் தாழ்ந்த குரலில்.

"பசிக்குதுன்னு உன்கிட்ட நான் சொன்னேனா?" என்றார் நெய்னா மரைக்காயர். கட்டிலில் அவரும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். "ஒருத்தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுறான், ஒருத்தன் பையில கட்டிக்கிட்டு ஓடி வரான். மச்சானும் மச்சானும் சண்டை போட என் வீடுதான் கிடைச்சுதா?"

முத்தலிப் பச்சைத் தூக்குச்சட்டியைப் பாயின்மேல் வைத்தார். நின்றபடியே இருந்தார். கோத்து வைத்திருந்த சொற்கள் எல்லாம் செருப்போடு வாசலில் தங்கிவிட்டன.

"இந்தச் சட்டியை எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்" என்றார் கடைசியில். "ஆள்தான் தெரியல."

"எனக்கு உன்னைத் தெரிஞ்சுது. உன் விரல்ல இருக்கிற அந்த மோதிரம் உங்க வாப்பாவோடது. பலகைக்குக் கீழே தினமும் பார்ப்பேன்." மரைக்காயர் எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்: "இப்ப கஞ்சியை யார் கிண்டுறா?"

"நான்தான்."

"அதான் அடிப்பிடிக்குது."

ஜமால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது முத்தலிப்புக்குக் கேட்டது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த வீட்டுப் படியை அவர் மறுபடி மிதித்திருக்க மாட்டார். மைமூன் சொன்னதற்கே வெந்தயம் என்றவர். வாப்பாவின் கஞ்சி, குடும்பத்தின் கஞ்சி, சந்தின் கடைசிவரை மணக்கும் கஞ்சி. அதன் குற்றத்தை மச்சான் காதுபட, அதுவும் இந்த மச்சான் காதுபட.

"ஆமா" என்றார் முத்தலிப். "அடிப்பிடிக்குது. என் தோள் முன்ன மாதிரி இல்ல. துடுப்பு அடிவரைக்கும் போகமாட்டேங்குது. வெந்தய வாசம்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன்."

முத்தலிப் கட்டிலை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார்.

"நாளைக்கு அஸருக்கு முன்னாடி வாங்க மரைக்காயரே. கிண்டக் கை வேணும். கூலி கிடையாது. கிண்டுறவங்க வீட்டுச் சட்டி முதல்ல நிரம்பும். அது வாப்பா காலத்து வழக்கம், நான் உங்களுக்காகச் சொல்லல. முதல் அகப்பையும் நீங்கதான் ஊத்தணும்."

"அகப்பையா?" ஜமால் பாயிலிருந்து பாதி எழுந்துவிட்டான். "மச்சான்! முப்பது வருஷமா நான் கேக்குறேன்!"

"நீ கிண்டுறது எனக்குத் தெரியும். உன் கஞ்சியும் அடிப்பிடிக்கும்."

"என் கஞ்சி... லாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க!"

"ரெண்டு பேர் கஞ்சியும் நான் குடிச்சிருக்கேன்" என்றார் நெய்னா மரைக்காயர். "ரெண்டிலயும் உப்பு பத்தாது." அவர் குனிந்து பச்சைத் தூக்குச்சட்டியை எடுத்து, ஒட்டியிருந்த தூசை வேட்டி நுனியால் துடைத்தார். அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில், எப்போதும் அது இருக்கும் இடம்போலும், சரியாக வைத்தார். "எத்தனை மணிக்குன்னு சொன்னே?"

நோன்பு திறக்கும் பாங்கு நேரம் நெருங்கியது. ஜமால் பையின் முடிச்சை அவிழ்த்தான். வீட்டிலிருந்த கிண்ணங்கள் இரண்டுதான். மூன்றாவதற்கு மரைக்காயர் தேநீர்க் குவளையை எடுத்து முத்தலிப்பின் முன்னால் வைத்தார். விருந்தாளிக்குக் குவளை, வீட்டுக்காரருக்குக் கிண்ணம் என்று யாரும் சொல்லவில்லை. முத்தலிப் பாயில் உட்கார்ந்தார். சாய்வதற்குச் சுவர் இருந்தது, சாயவில்லை. பாங்கு கேட்டு முதல் மிடறு வாயில் போனதும் மைமூன் சொன்னது நினைவுக்கு வந்தது. சந்தேகமே இல்லை. அடிப்பிடித்த கஞ்சிதான்.

*

மறுநாள் அஸருக்குப் பின் பலகையை மறுபடி ஏற்றினார்கள். முத்தலிப் ஒரு முனையைப் பிடித்தார், ஜமால் மறுமுனையை. "உங்க பக்கம் சாயுது மச்சான்" என்றான் அவன். "உன் பக்கம்தான் தூக்குது" என்றார் இவர். வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்குப் பலகை வைத்த ஜன்னல். முற்றத்தில் பெஞ்சுகள் அப்படியே. மைமூன் பேரீச்சம்பழக் கூடையோடு வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் சொன்னப்ப ரெண்டு பேருக்கும் காது எங்க போயிருந்துச்சு?" என்று கேட்டாள். இருவரும் ஆணியைக் கவனமாக அடித்தார்கள்.

சமையல்கூடத்தில் நெய்னா மரைக்காயர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். நோன்பு வாயால் உப்பைச் சுவைக்க முடியாது. ஆவியை முகர்ந்து பார்த்து இன்னும் ஒரு கை உப்பு போடச் சொன்னார். அவர் காலடியில், கிண்டுபவர்களின் பாத்திரங்களோடு, பச்சைத் தூக்குச்சட்டி மூடியோடு நின்றது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வரிசையில் எல்லார் வீட்டுச் சட்டியும்தான் நிற்கிறது.

சுஹைப் பேனரோடு வந்தான். "மாமா, பேனரை எடுக்கவா வைக்கவா? தமிழ் இடம் இன்னும் காலியா இருக்கு. அந்த வார்த்தை?"

முத்தலிப் தடித்த பேனாவை வாங்கினார். ஆங்கிலச் சொல்லை ஒட்டுத்தாள் வைத்து மறைத்தார். வெறுமையாக இருந்த இடத்தில் தம் கையெழுத்தில் நிதானமாக எழுதினார்: 'இங்கே உட்கார்ந்து நோன்பு திறக்கலாம். ஜன்னலில் வாங்கி வீட்டுக்கும் கொண்டுபோகலாம். கிண்டத் தெரிந்தவர்கள் உள்ளே வரவும்.'

சுஹைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "நல்லா இருக்கு மாமா. ஆனா ஹியூமனைஸுக்கு வார்த்தை எங்க?"

"அதைத்தான் எழுதியிருக்கேன்."

ஜன்னல் திறந்தது. நெய்னா மரைக்காயர் பித்தளை அகப்பையை நிரப்பி முதல் பாத்திரத்தில் ஊற்றினார். முத்தலிப் இரண்டடி பின்னால் நின்றார். கை சும்மா இருந்ததால் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்த ஜன்னலில் வேறு வீட்டுக் கையை அவர் பார்த்ததில்லை. பார்க்க வலிக்கத்தான் செய்தது.

பக்கத்தில் ஜமால் வந்து நின்றான். அவன் கண் அகப்பையைவிட்டு நகரவில்லை. உதடு பிதுங்கியிருந்தது.

"நியாயமே இல்ல மச்சான்" என்று முணுமுணுத்தான். "எனக்குக் கொடுக்காம அவங்களுக்குக் கொடுத்துட்டீங்களே."

முத்தலிப் அவனைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் கட்டிப்பிடிக்கும் அந்த ஆளின் முகத்தில் வயிற்றெரிச்சல் பச்சையாகத் தெரிந்தது. அவருக்கு நன்றாகப் பழகிய முகம்போல் இருந்தது அது. பல வருடங்களாக, கண்ணாடியில்.

"மரைக்காயருக்குக் கை வலிச்சா உன்னைக் கூப்பிடுவாரு" என்றார். "அதுவரைக்கும் நில்லு. என்னோட நில்லு."